வாளையாரில் நின்ற எதிரணிக் கோலி

அன்புத் தம்பி ரியாஸுக்கு,

அக்கா ரஜீனாவின் ஸலாம். இறைவன் அருளால் இங்கே எல்லோரும் சுகம். நம் ஐஸ் பிளான்ட்டின் கம்ப்ரஸருக்கு மட்டும் சுகமில்லை. அமெரிக்காவிலும் சுகமே நிலவ துஆ செய்கிறேன்.

குடும்ப வாட்ஸ்அப்பில் எழுதினால் ஊரே படிக்கும் என்பதால் காகிதம். போன முறை நீ வந்தபோது, உன் பையன் நௌஃபல் பனிமேல் ஹாக்கி ஆடுவதை, அதிலும் கோல் காக்கும் 'கோலி'யாக நிற்பதை ஆசையாகச் சொன்னாய். உன் மச்சான் ஜப்பார், "ஐஸ் மேல மீன வெப்பாங்க மாப்ளே, பையன வெப்பாங்களா?" என்றார். பாதி பிரியாணியில் எழுந்து போனவன்தான் நீ. அதற்குப் பிறகு அவரோடு பேச்சில்லை. மன்னிப்புக் கேட்பது அவருக்கு வராது. நௌஃபலின் கல்லூரி சாம்பியன்ஷிப் ஃபைனலுக்குப் போனது தெரிந்ததும், கால்பந்து உலகக் கோப்பைக்கு வைப்பார்களே, அதுபோல பிளான்ட் கூரையைவிட உயரமாக ஒரு கட்அவுட் வைத்துவிட்டார். கீழே, 'எங்கள் வீட்டுப் பிள்ளை நௌஃபல்'. வாளையார் செக்போஸ்ட் வரிசையில் நின்ற லாரி டிரைவர் சூசையப்பன் இறங்கி வந்து, "ஏனுங்க பாய், கொசு மருந்து அடிக்கிற ஆளுங்களா?" என்று கேட்டார். "எம்பட மச்சினன் பையன். கோலி!" என்றார் இவர்.

ஃபைனலுக்கு முந்தின நாள் ஹாஸ்டலிலிருந்து வந்த எங்கள் மகள் ரஸியா பஸ்ஸை விட்டு இறங்கியதுமே, "அத்தா, நௌஃபல் டீம் செகப்பு. இது எதிர் டீம் கோலி!" என்றாள். ஃபிளக்ஸ் கடைக்காரன் இணையத்தில் எடுத்த படம். முகமூடி, கையுறை, கால்காப்பு எல்லாம் போட்ட உருவத்தில் நம் குடும்பச் சாயல் தெரிய ஓர் அங்குலம்கூட இல்லை. "மொகந் தெரியலீல்ல? அப்பறமென்ன?" என்று சொல்லி, பிளான்ட் கதவுக்கு அடிக்க வாங்கிய சிவப்புப் பெயின்டோடு ஏணியேறி, நீலச் சட்டையைச் சிவப்பாக்கினார். வீட்டில் பல்பு மாற்றக்கூட ஏணியேறாத மனுஷன். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான், இவ்வளவும் உனக்காக என்று எனக்குப் புரிந்தது.

ஆட்டம்தான் உனக்குத் தெரியுமே. விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு வந்த மீன் மார்க்கெட் முழுக்க எங்கள் பிளான்ட்டில், டிவி முன்னால். நம் பையன் இரண்டு கோலை உள்ளே விட்டான். அந்த நீலச் சட்டைக்காரன் ஒன்றுதான் விட்டான். கோப்பையோடு அவன் படம் வந்ததும், கட்அவுட்டில் இருந்த அதே முகமூடிக் கழுகைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டு, "பாய், உங்க பையன் ஜெயிச்சுட்டானுங்களே!" என்று ஆளாளுக்கு இவர் கையைக் குலுக்குகிறார்கள். "சட்டை மட்டும் நீலமா இருக்குதுங்க?" என்று ஒருவர் இழுத்தார். "போட்டோல அப்படித் தெரியும்" என்று இவர் சொல்லி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். கூட்டம் கலைந்த பிறகு கம்ப்ரஸர் பக்கத்தில் உட்கார்ந்து, "பையன் அழுதிருப்பானா?" என்றார். "நீங்களே கேளுங்களேன்" என்றேன். ஃபோனை எடுத்தார், வைத்தார். எடுத்தார், வைத்தார்.

ஆகவே தம்பி, நீயே ஒரு தடவை கூப்பிடு. கம்ப்ரஸரை விசாரி. மீனைப் பற்றி மூச்சு விடாதே.

உன் வீட்டாளுக்கு ஸலாம். தோற்ற பிள்ளைக்கு வயிறாரச் சோறு போடு. அல்லாஹ் எல்லோரையும் சேர்த்து வைப்பானாக.

அக்கா,
ரஜீனா

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது முற்றத்தில் அவர் குரல். அவரே உன்னைக் கூப்பிட்டுவிட்டார், ஸ்பீக்கரில். "அந்த மீன் பேச்சு உங்கக்கா சொல்லிக் குடுத்ததுங்க மாப்ளே, நா என்ன பண்ணட்டும்?" என்கிறார். "அக்கா எப்பவுமே அப்படித்தான் மச்சான்" என்று நீ சிரித்ததும் கேட்டது. ஏணியைப் பிடித்தது யார் என்று உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்பதற்காகவே இதைத் தபாலில் சேர்க்கிறேன். இனி நீ யாரையும் கூப்பிட வேண்டாம். குறிப்பாக என்னை.