கடைசிக் காட்சியை நீக்கக் கோரி

உயர்திரு திரைப்பட இயக்குநர் இனியன் அவர்களின் சமூகத்துக்கு, திருச்செங்கோட்டிலிருந்து அர்த்தநாரி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி சாரதாமணி, மகன் மோகன்குமார் மூவரும் சுகம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் சுகமாக இருக்க வேண்டும். மூவரும் சுகம் என்று எழுதும்போது கை இன்னும் நான்காவது பெயரைத் தேடுகிறது. பொறுத்துக்கொள்ளவும்.

நான் கிருத்திகாவின் அப்பா. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே எங்கள் குடும்பக் கதையைப் படம் படமாக வரைந்து புத்தகம் ஆக்கினாளே, அந்தக் கிருத்திகா. புத்தகம் அச்சாகி வந்ததைப் பார்த்தாள். தாங்கள் அதைச் சினிமாவாக எடுத்ததைப் பார்க்க அவள் இல்லை. ஒருவகையில் அதுவும் நல்லதாய்ப் போயிற்று என்று சொன்னால் வருத்தப்படக் கூடாது.

போன ஞாயிற்றுக்கிழமை சொந்தபந்தம் எல்லோரும் வேன் பிடித்துச் சேலத்துக்குப் போய்ப் படம் பார்த்தோம். மோகன் மட்டும் வர மாட்டேன் என்றுவிட்டான். சாரதாமணி மகளையே பார்க்கப் போவதுபோல் முறுக்கு சுட்டு எடுத்து வந்தாள், அதைத் தியேட்டர் வாசலில் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள், அவள் அழுதுகொண்டே உள்ளே வந்தாள், படம் சோகமாக இருக்கும்போல என்று பக்கத்துச் சீட்டுக்காரர் முன்கூட்டியே கைக்குட்டையை எடுத்துவிட்டார். முதல் காட்சியிலேயே நான் வருகிறேன். முறுக்கிய மீசை, வெள்ளை வேட்டி, முன்னால் பத்துப் பேர் கைகட்டி நிற்கிறார்கள். ஐயா, நான் போர்வெல் ரிக் வண்டிக்காரன். புத்தகத்தில் என்னை உச்சி முதல் பாதம் வரை மண்புழுதியோடு வரைந்திருக்கிறாள், கண் மட்டும்தான் தெரியும், பார்த்தவர்கள் எல்லாம் அச்சு அசல் அர்த்தநாரி என்றார்கள். போதாததற்கு எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓர் ஆற்றை ஓட விட்டிருக்கிறீர்கள். ஆறு இருந்தால் நான் எதற்கய்யா ஆயிரம் அடிக்குத் துளை போட்டுக்கொண்டு கிடக்கிறேன்? கிருத்திகாவாக நடித்த அந்தப் பெண்ணோ கையை வீசி வீசிச் சிரிக்கிறாள். என் மகள் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள், சிரித்து முடித்ததும் மூச்சு வாங்கும். ஒரு நகம்கூட அவளைப்போல் இல்லை.

இதெல்லாம் போகட்டும். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையும் உடன்பிறந்தவளும் கூறைப்புடவையின் ஆளுக்கொரு முனையைப் பிடித்து நிற்க வேண்டும், அது முடிந்த பிறகுதான் தாலி. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் மோகனை அப்படி மாப்பிள்ளையாக வரைந்தாள். ஒரு முனை அவன் கையில் இருக்கிறது. மறுமுனை தாளின் ஓரம் வரை போகிறது, பிடிக்க ஆளில்லை. தான் இருக்க மாட்டோம் என்று அவளுக்குத் தெரியும். தாங்கள் என்ன செய்தீர்கள்? அவளுக்கு நோய் குணமாகிவிட்டது, அண்ணனும் தங்கையும் புடவையை இழுத்து இழுத்து ஆடுகிறார்கள், கயிறு இழுக்கும் போட்டிபோல. தியேட்டரே கை தட்டியது. அவளுக்குப் பாடை தூக்கிய எங்கள் எடப்பாடி மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டு, "புள்ள பொழச்சுக்கிச்சுங்க மச்சான்" என்று அழுதார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். வெளியே வந்து வெயில் பட்ட பிறகுதான் இருவருக்கும் நினைவு திரும்பியது.

வருகிற தை மாதம் மோகனுக்கு நிஜமாகவே கல்யாணம். தங்கச்சி வரைந்தபடியே மறுமுனையை யாரும் பிடிக்கக் கூடாது என்பது அவன் பிடிவாதம். சீர் நடத்திவைக்கும் அருமைக்காரர் மயில்சாமிகூடப் பாதி சம்மதித்திருந்தார். தங்கள் படத்தைப் பார்த்துவிட்டு அவர், "சினிமாவுலயே ஆளு நிக்குதுங்க, நெசத்துல வெறுமனே உட்டா நல்லாருக்குங்களா?" என்று மாறிவிட்டார். மறுமுனையைப் பிடிக்க என் அண்ணன் மகள் தனப்பிரியாவை நிறுத்திவிடலாம் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். "அப்படீன்னா கண்ணாலமே வேண்டாங்கப்பா" என்று மோகன் ரிக் வண்டியில் போய்ப் படுத்துக்கொண்டான், வீட்டில் சாப்பிடுவதே இல்லை. பெண் வீட்டார் தினமும் போன் செய்கிறார்கள். நான் என்ன பதில் சொல்வது?

ஆகவே கடைசிக் காட்சியை வெட்டிவிட்டு, என் மகள் வரைந்த அந்தப் பக்கத்தை அப்படியே காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். ஊர் வாய் மூடும். என் மகள் செத்துப்போனாள் ஐயா. அதை அவளே தைரியமாக வரைந்தாள். காட்டுவதற்குத் தங்களுக்குத்தான் தைரியம் இல்லை.

திருச்செங்கோட்டு மலையான் அருளால் தங்கள் அடுத்த படமாவது யார் வீட்டுக் கதையாகவும் இல்லாமல் நன்றாக ஓடட்டும். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் குழந்தைகளுக்கு சாரதாமணியின் ஆசியும்.

இப்படிக்கு,
அர்த்தநாரி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுமுன் மோகன் வந்தான். யாரிடமும் சொல்லாமல் தனியாகப் போய்ப் படம் பார்த்திருக்கிறான். வந்ததும் சோறு போடச் சொன்னான். "படத்துல கிருத்தியா நடிச்ச அந்தப் புள்ளையக் கூப்புடுங்கப்பா. அது வந்து புடிக்கட்டும்" என்றான். "அது நம்ம கிருத்தி மாதிரியே இல்லையே சாமி" என்றேன். "நோவு வராத கிருத்தி அப்படித்தானுங்கப்பா சிரிச்சிருப்பா" என்றான். சாரதாமணி அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள். ஆகையால் மேலே எழுதிய எல்லாவற்றையும் அடித்துவிடவும். கடைசிக் காட்சியில் கை வைக்க வேண்டாம். அந்தப் பெண்ணைத் தை மாதம் அவசியம் அனுப்பி வைக்கவும். சம்பளம் என்று ஒன்றும் தர மாட்டோம், தங்கச்சிக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. சீர் செய்துதான் அனுப்புவோம்.