திகதி பாவாவின் தாயத்து

தோல் டொக்டரைப் பார்க்க ஆஸ்பத்திரியில் திகதி எடுத்தால் எட்டு மாதம். சுபியான் பாவாவிடம் தாயத்து எடுத்தால் வருகிற புதன்கிழமை. மருதமுனைச் சனம் எங்கே ஓடும்?

படை, சொறி, தேமல், வெடிப்பு எல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாவாவின் முற்றத்தில் வரிசையாகக் குந்தியிருந்தன. வியாதியைச் சுகமாக்குவதாகப் பாவா ஒருநாளும் சொன்னதில்லை. திகதியை முன்னுக்கு இழுப்பதுதான் அவருடைய அற்புதம். காணிக்கை ஒரு கைத்தறிச் சாறன். அவர் அறையில் சாறன் குவியல் கூரையைத் தொட்டுவிட்டது. பாவாவுக்கு இடுப்பு என்னவோ ஒன்றுதான்.

றம்ஸியா நெசவுக்காரி. சாயம் பட்டுப் பட்டு உள்ளங்கை பிளந்துவிட்டது. தறியில் நாடாக்கட்டையை எறியும்போதெல்லாம் நெய்யும் புடவையில் இரத்தம் ஒட்டியது. மாதம் முடிவதற்குள் கை ஆறாவிட்டால் தறியை வேறு ஆளுக்குக் கொடுப்பதாக முதலாளி சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுக் கைருன்னிஸா காணிக்கைக்குத் தன் சாறன் ஒன்றை எடுத்துக்கொண்டு அவளைப் பாவாவிடம் இழுத்துப் போனாள். பாவா தாயத்தை நீட்டினார்.

"இதைக் கழுத்தில கட்டு. புதன்கிழமை விடியச் சுபஹு தொழுத கையோட ஆஸ்பத்திரிக்குப் போ. ரெண்டாம் ஜன்னல். ஒருத்தரோடயும் கதைக்கப்படா. சுவரைப் பாக்கப்படா. பாத்தா தாயத்து முறிஞ்சிரும்."

"சுவரை ஏன் பாவா பாக்கப்படா?"

"கேள்வி கேட்டாலும் முறியும்."

அப்பளம்கூட இதைவிடத் தாங்கும்.

புதன்கிழமைதோறும் பத்துப் பேருக்குப் பலித்தது. பதினோராவது ஆள் வெறுங்கையோடு திரும்பினால் பாவா கேட்பது ஒன்றே: "சுவரைப் பாத்தீங்கதானே?" சுவரில் படாத கண் யாருக்கு இருக்கிறது? அந்த ஆளும் தலையைக் குனிந்துகொண்டு இரண்டாவது சாறனோடு வருவார்.

றம்ஸியா வீட்டுக்கு வந்து தாயத்தைத் தன் ஆட்டின் கழுத்தில் கட்டினாள்.

"என்னகா செய்றாய்? ஆட்டுக்கா?" கைருன்னிஸா அலறினாள்.

"அதுக்கும் சொறிதான் ராத்தா. திகதி கிடைக்குதா பாப்பம்."

புதன்கிழமை வெறுங்கழுத்தோடு போய் நின்றாள். முன்னால் நாலு பேர், நாலு பேரும் கழுத்தைப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்து நின்றார்கள். றம்ஸியா சுவரைப் பார்த்தாள். ஆசை தீரப் பார்த்தாள். ஜன்னலுக்கு மேலே பெரிய எழுத்தில் ஓர் அறிவித்தல்: 'திகதி எடுத்தவர்கள் வராவிட்டால், அந்த இடங்கள் புதன்கிழமை காலையில் முதலில் வரும் பத்துப் பேருக்கு வழங்கப்படும்.'

"மிஸ், இது எப்ப ஒட்டின?" என்று ஜன்னலுக்குள் இருந்த தாதியிடம் கேட்டாள்.

"ரெண்டு வருசமாகுது. ஒருத்தரும் நிமிந்து பாக்கிறல்லயே!"

ஐந்தாம் நம்பர். டொக்டர் கையைப் பார்த்தார், பூச மருந்து தந்தார், சாயம் தொடும்போது கையுறை போடச் சொன்னார், மாதம் முடியுமுன் ஆறிவிடும் என்றார். தறி தப்பியது.

அன்று பின்னேரம் றம்ஸியா ஆட்டையும் இழுத்துக்கொண்டு பாவாவின் முற்றத்துக்குப் போனாள். போனில் படம் பிடித்துவந்த அறிவித்தலை உரத்து வாசித்தாள்.

"தாயத்து ஆட்டுக்கிட்ட. நம்பர் எனக்கிட்ட. ஆட்டுக்கு இன்னும் திகதி வரல்ல பாவா!"

பாவா ஆட்டை முறைத்தார். "ஆடு சுவரைப் பாத்திருக்கும்!"

முற்றமே வெடித்துச் சிரித்தது. சொறிந்துகொண்டே சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்முன் கைருன்னிஸா எழும்பினாள். "அப்ப என்ட சாறன்?" அவ்வளவுதான், சனம் அறைக்குள் பாய்ந்தது. பாவா உடுத்திருந்த சாறனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்கதவால் பறந்தார்.

எட்டு மாதம் இன்னும் எட்டு மாதம்தான். அதைக் குறைக்க இன்னொரு டொக்டர் வேண்டும். அதைக் கேட்க நிமிர்ந்த தலை வேண்டும். சுவரைப் பார்க்காதே என்று எவன் சொன்னாலும், சனங்களே, முதலில் சுவரைப் பாருங்கள்.