பெண்களை ரொம்ப மதிப்பவர்

பெண்களை மதிக்காதவர்களைத் தூரத்திலேயே கண்டுகொள்ளலாம், ஒதுங்கிப் போய்விடலாம். ஒதுங்கவே முடியாத இன்னோர் இனம் உண்டு. பெண்களை ரொம்ப மதிப்பவர்கள். நல்ல மாதிரி வேண்டுமானால், மருந்துப் பெட்டி அச்சடிக்கும் தொழிற்சாலை ஒன்றின் மனிதவள மேலாளரைப் பாருங்கள்.

பெண் ஊழியர் யார் அறைக்குள் வந்தாலும் எழுந்து நிற்பார், தானே நாற்காலியை இழுத்துப் போடுவார், மின்விசிறியைக் கூட்டி வைப்பார், "சாப்பிட்டீங்களாம்மா?" என்பார், "நீங்கல்லாம் இல்லைன்னா இந்தக் கம்பெனியே இல்லை" என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்வார். சம்பளத்தைத் தவிர எல்லாம் கொடுப்பார்.

அங்கே அச்சு மை கலக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். எல்லோருக்கும் அவள் மை அக்கா. புதிதாகச் சேர்ந்த ஒருவனுக்கு மை கலக்கக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். ஒருநாள் கேன்டீனில் அவன் அவளிடம் புலம்பினான். "இந்தச் சம்பளத்துல எப்படிக்கா குடும்பம் நடத்துறது?" தொகையையும் சொன்னான். அவள் கையிலிருந்த டீ ஆறிப்போயிற்று. அவளுடையது அதில் முக்கால் பங்கு.

நேரே மேலாளரிடம் போனாள். எழுந்தார். நாற்காலி வந்தது.

"ரெண்டு பேரும் ஒரே வேலைதானே சார் செய்றோம்?"

"யாரு இல்லைன்னு சொன்னது? ஆனா அவர் ஒரு குடும்பத்தைக் காப்பாத்தணும் இல்லையாம்மா?"

"நான் யாரைக் காப்பாத்துறேன்? பக்கத்து வீட்டையா?"

"உங்க வீட்டுக்காரர்தான் இருக்காரே..."

"முதுகு ஒடிஞ்சு படுத்திருக்கார் சார். நீங்கதான் பழம் வாங்கிட்டு வந்து பாத்தீங்க."

மேலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. உண்மையாகவே. கலங்கிய கண்ணுக்கும் சம்பளத்துக்கும் என்ன சம்பந்தம்?

அவள் தொழிலாளர் துறைக்கு எழுத்தில் புகார் கொடுத்தாள். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. "எழுந்து நின்னு மரியாதை குடுத்தவனுக்கு இதுதான் பரிசு" என்று மனைவியிடம் பொருமினார்.

"கேக்கறதைக் குடுத்துட்டுத்தான் போங்களேன்."

"ஆபீஸ் விஷயம் உனக்குப் புரியாது."

மறுநாள் காலை அவருக்கு வழி பிறந்தது. சம வேலைக்குத்தானே சம ஊதியம்? வேலை சமம் என்று யார் சொன்னது? மதியத்துக்குள் புதியவன் 'வண்ண மேலாண்மை வல்லுநர்' ஆனான். மை அக்கா 'கலவை உதவியாளர்' ஆனாள். பாவம், புகார் முடியும்வரை மன உளைச்சல் வேண்டாமே என்று அவளைக் குடோனில் அட்டை எண்ணவும் அனுப்பிவைத்தார். அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் வேறு மேசைக்கு நகர்ந்தார்கள். அவள் தனியாகச் சாப்பிட்டாள். புகாரை மட்டும் திரும்பப் பெறவில்லை.

தொழிலாளர் துறையிலிருந்து ஆய்வாளர் வந்தார். அவரும் பெண். மேலாளர் எழுந்தார். ஆய்வாளர் அதைக் கவனிக்காமல் புதியவனைக் கூப்பிட்டார்.

"உங்க வேலை என்ன?"

அவன் மேலாளரைப் பார்த்தான். பிறகு நீலம் படிந்த தன் நகங்களைப் பார்த்தான். "மை கலக்கறது மேடம்."

"அவங்க வேலை?"

"அதேதான். எனக்குக் கத்துக்கொடுத்ததே அவங்கதான்."

மேலாளர் தொண்டையைச் செருமினார். "அதாவது மேடம், வல்லுநர் என்ற முறையில இவரு..."

"சார், அந்தப் பேருக்கு அர்த்தமே எனக்குத் தெரியாது சார்."

உத்தரவு வந்தது. மை அக்காவுக்குச் சம சம்பளமும் பழைய பாக்கியும் கிடைத்தன. குடோனிலிருந்து பழைய இடத்துக்கே திரும்பினாள். மேலாளர் தலைகுனிந்தாரா? இந்த இனத்துக்குக் கழுத்து அப்படியெல்லாம் வளையாது. அடுத்த வாரமே கூட்டம் போட்டார். 'சமத்துவத்தில் முன்னோடி' என்று சுவரை மறைக்கும் பேனர், நடுவில் அவர் படம். "இது என் நெடுநாள் கனவு" என்று குரல் தழுதழுக்கப் பேசி, மை அக்காவிடம் பூங்கொத்தை நீட்டிக் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

அவள் பூங்கொத்தை வாங்கிக்கொண்டாள். மைக்கையும் வாங்கிக்கொண்டாள்.

"ரொம்ப நன்றி சார். பேக்கிங்ல இருக்கற பொண்ணுங்களுக்கு எப்போ சார்?"

கடைசி வரிசையில் யாரோ கைதட்டினார்கள். பிறகு அந்த வரிசை முழுக்கத் தட்டியது. அன்று எடுத்த படத்தில் மேலாளரின் சிரிப்பு பாதியில் நிற்கிறது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன மாதம் உங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கக் கணவனும் மனைவியுமாக வந்தார்கள். அவன் சுவரின் மேல்பாதி, அவள் கீழ்ப்பாதி. ஒரே வாளி, ஒரே வெயில். சாயங்காலம் கூலி கொடுக்கும்போது அவள் கையில் மட்டும் கொஞ்சம் குறைத்து வைத்தீர்களே, ஏன்? வழக்கம் அதுதான் என்கிறீர்களா?

யாருடைய வழக்கம்?