கேதாரம் போகப்போகிறவர்

கேதார்நாத்துக்குப் போய்வந்தவர்கள் உண்டு, போகாதவர்கள் உண்டு. இந்த இரண்டு கட்சியிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. அதுதான் போகப்போகிறவர். உங்களுக்கு இவரைத் தெரியும். உங்கள் தெருவில் இல்லையென்றால் அடுத்த தெருவில் கட்டாயம் இருப்பார். போய்வந்தவர் நாலு நாள் பேசுவார், முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு ஓய்ந்துவிடுவார். போகப்போகிறவருக்கு ஓய்வு ஏது? இன்னும் போகவில்லையே!

பெரிய காஞ்சிபுரத்தில், சர்வதீர்த்தக் குளத்துக்குக் கூப்பிடு தூரத்தில் பட்டு நெய்துகொண்டிருந்த கலியாணசுந்தரம் இந்த இனத்தில் முதல் தரம். அவர் தறிக்கு நேர் மேலே ஓர் ஆணி. ஆணியில் ஒரு பை. பைக்குள் மேலட்டை போன ரயில்வே கைடு, புடவைப் பெட்டி அட்டையின் பின்பக்கத்தில் அவரே வரைந்த இமயமலை, குரங்குக் குல்லா, கம்பளி மப்ளர், பாட்டரி போடாத டார்ச் லைட். பாட்டரி ஏன் போடவில்லை? முன்கூட்டியே போட்டால் கசிந்துவிடும். அதெல்லாம் யோசிக்கிற ஆள் அவர்.

ஆண்டுதோறும் தை பிறந்ததும் பையை இறக்கி, தூசி தட்டி, "இந்த வருசம் கௌம்பறேம்பா" என்று அறிவிப்பார். அன்று முதல் வீட்டில் ஆள் நடமாட்டம் ஆரம்பித்துவிடும். அரக்கோணத்தில் எந்தப் பக்கம் நின்று வண்டி மாறுவது, ஹரித்துவாரத்தில் எந்தச் சத்திரத்தில் மூட்டைப்பூச்சி, கடுகெண்ணெய்ச் சமையல் ஒத்துக்கொள்ளாதவர்கள் எத்தனை நாளைக்குப் புளிக்காய்ச்சல் கொண்டுபோக வேண்டும், எல்லாம் அவரிடம்தான் கேட்பார்கள். தறி நாடாவை ஓடவிடாமல் கையில் பிடித்துக்கொண்டே சொல்வார்.

"ரிஷிகேசத்துல பஸ் ஏறினா எடது கைப் பக்கமா உக்காரு. வலது பக்கம் அதலபாதாளம். பார்த்தியானா வாந்தி வரும்."

"நீங்க போனப்ப வந்துதா?"

"போவப்போறேன்ல? எனக்குத் தெரியாதா?"

இப்படி அவரிடம் கேட்டுக்கொண்டு கிளம்பிய பதினொரு பேர் போய்த் தரிசித்துத் திரும்பிவிட்டார்கள். அவர்களைப் பற்றி அவருக்கு அவ்வளவாக நல்ல அபிப்பிராயம் இல்லை. "அவசரக்காரனுங்க" என்பார். அமெரிக்காக்காரன் சந்திரனுக்குப் போய்க் கல்லும் மண்ணும் அள்ளிக்கொண்டு திரும்பிய வருஷத்தில்கூட, அரக்கோணத்துக் காலை வண்டியா சாயங்கால வண்டியா என்பது அவர் மனசில் தீர்மானமாகவில்லை.

இதில் அவர் மட்டும் சம்பந்தப்பட்டிருந்தால் ஊருக்கு ஒரு பொழுதுபோக்கு என்று விட்டுவிடலாம். யாத்திரை அவருடையதே இல்லை. மகள் கலாவதிக்கு எட்டு வயதில் டைபாய்டு வந்து கண் திறக்காமல் கிடந்தபோது, அவர் மனைவி இந்திராணி கேதாரநாதருக்கு வேண்டிக்கொண்டது அது. பிழைத்தால் என் காலால் நடந்து வந்து பார்க்கிறேன், குதிரையிலும் டோலியிலும் ஏறமாட்டேன் என்று. கலாவதி பிழைத்தாள், வளர்ந்தாள், வாலாஜாவில் வாழ்க்கைப்பட்டாள், அவள் மகனே இப்போது சிலேட்டும் கையுமாகப் பள்ளிக்கூடம் போகிறான். இந்திராணியின் வலது முழங்கால் மாத்திரம் குந்தி எழுந்திருக்கும்போதெல்லாம் 'மளுக்'கென்று ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தது. இன்னும் ரெண்டு வருஷத்துக்கு ஓடும், அதற்கப்புறம் உறுதி சொல்ல முடியாது என்றுவிட்டார் வைத்தியர்.

"கால் இருக்கும்போதே போய்ட்டு வந்துடணும்ங்க."

"அதுக்குத்தானே பழக்கறேன்?" என்பார் கலியாணசுந்தரம்.

பழக்கினார், பொய் சொல்லக்கூடாது. காஞ்சிபுரத்தில் மலை ஏது? அதனால் சர்வதீர்த்தக் குளத்துப் படிக்கட்டு. விடிந்ததும் விடியாததுமாக இந்திராணி மப்ளர் சுற்றிக்கொண்டு தண்ணீர் வரைக்கும் இறங்கி ஏறவேண்டும். சித்திரை வெயிலிலும் மப்ளர் உண்டு. உடம்புக்குப் பழக வேண்டாமா? அவர் மேல்படியில் உட்கார்ந்து எண்ணுவார். கேதாரம் இத்தனை ஆயிரம் அடி, குளம் இத்தனை அடி என்று வகுத்து வைத்திருந்தார். ஆறு வருஷத்தில் அந்தக் கணக்குப்படி இந்திராணி இரண்டு தடவை கேதாரம் ஏறி இறங்கி, மூன்றாம் தடவை பாதிமலையில் இருந்தாள். அவர் மேல்படியை விட்டு அசையவில்லை.

சரி, கிளம்புவதற்கு என்னதான் தடை? பாவுதான், தறியில் நீளவாக்கில் பூட்டுகிற இழைத்தொகுதி. "இந்தப் பாவு அறுக்கட்டும், போவலாம்." நியாயமான பேச்சு, எந்த நெசவாளியும் பாவைப் பாதியில் விட்டுப் போகமாட்டான். பாவுக்கு மூன்று புடவை, முடிந்ததும் கிளம்பவேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் சூட்சுமம். பாவு தீரும்போது அதன் வாலைத் தறியிலேயே விட்டுவைப்பார்கள். பழைய இழை நுனியில் புது இழையை வைத்து, விரலில் சாம்பல் தொட்டு, ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால்தான் தறியின் அச்சிலும் விழுதிலும் நாலாயிரத்துச் சொச்சம் இழையைப் புதிதாகக் கோக்கவேண்டிய அவஸ்தை இல்லை. பிணைக்கிற மணியம்மாள் வந்துவிட்டுப் போனால் ஒரே நாளில் பழைய பாவு புதுப் பாவாகிவிடும். அவர் வீட்டுத் தறியில் பாவு முடிந்ததே கிடையாது. அவர் அப்பா காலத்துப் பாவே இன்னும் முடியவில்லை என்றுதான் சொல்லவேண்டும்.

அந்தச் சித்திரைக் கடைசியில் திருப்புட்குழியிலிருந்து லோகாம்பாள் வந்தாள். நிலம் நீச்சு உள்ள குடும்பம்; மகள் கல்யாணத்துக்குக் கூறைப்புடவை கேட்டு வந்து பழக்கமானவள். வந்தவள் உட்காரக்கூட இல்லை.

"இந்திராணி, எங்க ஊர்லேர்ந்து பதிமூணு பேர் பத்ரிக்கும் கேதாரத்துக்கும் போறோம். ஒரு கெழவிக்குக் கண்ணு ஆபரேசன், அவ வரல. ஒரு சீட்டு இருக்குது. நீ வர்றியா?"

"எப்பக்கா?"

"வர்ற புதங்கெழம."

கலியாணசுந்தரம் தறிக்குழியிலிருந்து தலையைத் தூக்கினார். "புதங்கெழமையா? வடக்கே சூலம்மா அது! எந்த வண்டி? தில்லி வழியா? ஹரித்துவாரத்துல எத்தன நாளு?"

"அதெல்லாம் கூட்டிக்கினு போறவருக்குத் தெரியும் மொதலியாரே. நாங்க மூட்டையைக் கட்டிக்கினு ஏறிக் குந்த வேண்டியதுதான்."

அவர் நாடாவைக் கீழே வைத்துவிட்டார். பதிமூன்று பேர், ஒரு வரைபடம் இல்லாமல்!

"நீங்களும் வாங்களேன்" என்றாள் லோகாம்பாள். "சொல்லி இன்னொரு சீட்டு வாங்கிடலாம்."

"நான் வரமாட்டேன்னா சொல்றேன்? மூணாவது புடவை இன்னும் ஒரு முழம் இருக்குது. இந்தப் பாவு அறுக்கட்டும். நானே கூட்டிக்கினு போறேன், முறையா."

செவ்வாய்க்கிழமை காலை புடவை முடிந்தது. அறுத்து மடித்து வைத்தாயிற்று. சாம்பல் கிண்ணத்தோடு மணியம்மாள் வந்து வாசலில் செருப்பைக் கழற்றினாள். உள்ளே இந்திராணி கத்தரிக்கோலும் கையுமாகத் தறியண்டை நின்றாள். தொங்கிக்கொண்டிருந்த பாவு வாலைக் கொத்தாகப் பிடித்து ஒரு வெட்டு வெட்டினாள். மிச்ச இழையை அச்சிலிருந்தும் விழுதிலிருந்தும் சரசரவென்று உருவிக் கீழே போட்டாள்.

"அய்யய்யோ, இன்னாம்மா பண்ணிட்டே!" என்றாள் மணியம்மாள்.

"பாவு அறுந்துபோச்சு" என்றாள் இந்திராணி, புருஷனைப் பார்த்து. "கௌம்புங்க."

கலியாணசுந்தரம் வெற்று அச்சைத் தடவிப் பார்த்தார். நினைவு தெரிந்து அந்தத் தறியை அவர் வெறுமையாகப் பார்த்ததே இல்லை. அண்ணாந்து ஆணியைப் பார்த்தார். பை அங்கேயே தொங்கியது. கை போகவில்லை. கேதாரத்தின் ஒவ்வொரு வளைவும் தெரிந்த அந்த மனுஷர், அரக்கோணத்துக்கு அப்பால் ஒரு தடவைகூட ரயிலில் உட்கார்ந்ததில்லை. அந்த நேரத்தில்தான் அவருக்கு நாலாயிரத்துச் சொச்சம் இழையும் ஞாபகம் வந்தது. முகம் தெளிந்துவிட்டது.

"எப்படிக் கௌம்பறது? இத்தனையும் கோக்கணுமே! பத்து நாள் வேலையில்ல வெச்சுட்ட?"

இந்திராணி அந்த முகத்தைப் பார்த்தாள். இருபத்தேழு வருஷம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட முகம். அதில் நிம்மதி எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"கோத்துக்கினு இருங்க" என்று ஆணியிலிருந்து பையை எடுத்தாள். ரயில்வே கைடையும் அட்டை இமயமலையையும் வெளியே எடுத்துத் தறி மேல் வைத்தாள். குல்லா, மப்ளர், டார்ச் லைட்டோடு புதன்கிழமை போய்விட்டாள். பாட்டரி லோகாம்பாள் வாங்கிப் போட்டாள்.

கலியாணசுந்தரம் கோத்தாரா? நேரம் எங்கே இருந்தது? சம்சாரம் கேதாரம் போயிருக்கிறாளாமே என்று விசாரிக்க வந்தவர்களுக்கு அட்டையை விரித்துவைத்து, "இன்னிக்கு ருத்ரப்பிரயாகையில இருப்பா, நாளைக்கு அகஸ்தியமுனி" என்று விரல் வைத்துக் காட்டவே பொழுது சரியாக இருந்தது. அவர் விரல் ருத்ரப்பிரயாகையை விட்டு நகர்வதற்குள் கலாவதி வாலாஜாவிலிருந்து கார்டும் கையுமாக வந்து இறங்கினாள். அம்மா நடந்தே ஏறி, தரிசனம் பண்ணி, இறங்கியும் ஆயிற்றாம். வழியில் யாருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டதோ அந்தம்மாவின் மூட்டையையும் இவள்தான் தூக்கிக்கொண்டு நடந்தாளாம்.

"குளத்துப் படி" என்றார் அவர், பெருமையாக. "யார் பழக்கினது?"

மூக்குத்தோல் உரிந்து, பாதம் வெடித்து, இரண்டு கங்கைச் செம்போடு இந்திராணி திரும்பி வந்தாள். தெருவே கூடிற்று. எப்படி இருந்தது என்று கேட்டார்கள்.

"ஏறினோம். குளிரு. பாத்தேன், அழுதுட்டேன். எறங்கினோம்" என்றாள்.

இவ்வளவுதானா? ஜனங்களுக்கு முகம் விழுந்துவிட்டது. கலியாணசுந்தரம் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம், பனி, பள்ளத்தாக்கு, மந்தாகினி, எதையும் விடவில்லை. மணியம்மாள்கூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இப்படி ஏறும்போது மந்தாகினி வலது கைப் பக்கம் வரும்..."

"எடது கைப் பக்கம்" என்றாள் இந்திராணி, பாதத்துக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே.

அவர் காதிலிருந்து பென்சிலை எடுத்து, அட்டையில் ஆற்றை அழித்து, இந்தப் பக்கமாக வரைந்தார். பிறகு நிமிர்ந்து, "அமர்நாத் இதைவிட ஒசரம்" என்றார். "இழை கோத்து ஒரு பாவு போட்டு எடுத்துட்டேன்னா, கௌம்பிடலாம்."

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். நெசவாளிக்குப் பாவு, உங்களுக்குப் பெண் கல்யாணம், மாடி கட்டுவது, ஆபீஸில் அந்த ஒரு பைல். 'இது மட்டும் முடியட்டும்' என்று போன வாரம் நீங்கள் யாரிடமோ சொன்னீர்களே, அவர்கள் என்ன பதில் சொன்னார்கள்? ஒன்றும் சொல்லவில்லையா? கொஞ்ச நாளாக விடியற்காலையில் வீட்டில் யாரோ மாடிப்படி ஏறி இறங்குகிற சத்தம் கேட்கிறதா?

எதற்கும் கத்தரிக்கோல் இருக்கிற இடத்தில் இருக்கிறதா என்று எழுந்து பார்த்துவிடுங்கள்.