அம்சவள்ளியில் வந்த மாப்பிள்ளை

புஷ்பவள்ளி அம்மாளின் இடது கால் செருப்பு படகுக்குள்ளேயே மெல்ல மிதந்து வந்து அப்பளசாமியின் காலில் முட்டியது. அவர் அதைக் குனிந்து எடுத்து, வேட்டி நுனியில் துடைத்து, பவ்வியமாகத் திருப்பிக் கொடுத்தார்.

“என்னாங்க இது, படகுக்குள்ள தண்ணி வருது?”

“வரலைங்கம்மா. காலையில கழுவி விட்டேன். இன்னும் காயல.”

“கணுக்கால் முங்குற அளவுக்கா கழுவுனீங்க?”

“சம்பந்தி வர்றீங்கன்னு கொஞ்சம் நல்லாவே கழுவிட்டேன்.”

அந்த அம்மாள் நம்பவில்லை. நம்ப வேண்டிய அவசியமும் இல்லை. அவர் மாப்பிள்ளையின் தாயார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் இராமையா பத்தாங் காலியில் லோரிகள் வைத்து ஓட்டுகிறவர். முன்பலகையில் மகன் அழகேசன், ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். வெள்ளை சஃபாரி சூட்டு, கறுப்புக் கண்ணாடி, கூர்மூக்குச் சப்பாத்து என்று மாப்பிள்ளைக்கு உரிய லட்சணம் ஒன்றும் குறையவில்லை. மூவரும் பெண் பார்க்க வந்தவர்கள். பெண், அப்பளசாமியின் மச்சான் நல்லசாமியின் மகள் கலாவதி.

செகிஞ்சான் சாலையோரம் அவர்களைக் காரிலிருந்து இறக்கி, படகில் ஏற்றி, நெல்வயல் கால்வாய் வழியாகத் தோட்டத்துக்குக் கொண்டுபோவது அப்பளசாமியின் பொறுப்பு. காரை டிரைவர் சுற்றுவழியில் கொண்டுவந்துவிடுவான். அவர்களும் காரிலேயே போயிருந்தால் இந்நேரம் கேசரி சாப்பிட்டு முடித்திருப்பார்கள். ஆனால் நல்லசாமியே நேரில் வந்து கேட்டுவிட்டாரே!

“மாப்ள, அவங்கள உங்க படகுல கூட்டியாங்க. நமக்கு ஒரு மதிப்பா இருக்கும்.”

அப்பளசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. அதுவரை நல்லசாமி அந்தப் படகைப் பொணப்பெட்டி என்றுதான் சொல்லிவந்தார்.

அந்தப் படகு அப்பளசாமியின் பத்து வருஷக் கனவு. அவர் தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார மானேஜர் விட்டுப்போன பழைய காலண்டரில் ஒரு படம் இருந்தது. இங்கிலாந்துக் கால்வாயில் நீளமாய், ஒடுக்கமாய், உடம்பெல்லாம் பூ வரைந்த ஒரு படகு. அதன் கூரையில் உட்கார்ந்து ஒரு கிழவன் டீ குடித்துக்கொண்டிருந்தான். அந்தக் கிழவனின் முகத்திலிருந்த நிம்மதியைப் பார்த்த நாளிலிருந்து அப்பளசாமிக்கு வேறு நினைப்பே இல்லை.

பலகையை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சேர்த்து அதே நீளத்துக்குக் கட்டினார். இடுக்குகளில் பஞ்சைத் திணித்துத் தார் பூசினார். ரோஜாவுக்குப் பதில் செம்பருத்தி வரைந்தார். உள்ளே மண்ணெண்ணெய் அடுப்பு, ரேடியோ வைக்க ஒரு தட்டு, மனைவியின் பழைய சேலையில் ஜன்னல் திரை. என்ஜின் மட்டும் செகிஞ்சான் சீன முதலாளி, தவுக்கே ஒருவர் வயலுக்குத் தண்ணீர் இறைத்துவிட்டுத் தூக்கிப்போட்டது. பழக்கதோஷமோ என்னவோ, அது ஓடத் தொடங்கினால் தண்ணீர் எங்கிருந்தாவது வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் படகைக் கரையோரம் கட்டிப் போட்டுவிட்டு, உள்ளே கடுங்காப்பி போட்டுக் குடித்துக்கொண்டு, ரேடியோ கேட்டுக்கொண்டு, கொக்குகளைப் பார்த்தபடி படுத்துக்கிடப்பார். அப்போது அவர் ராஜாதான். கயிற்றை அவிழ்க்காதவரை அந்த ராஜ்ஜியத்துக்கு ஒரு குறையும் வந்ததில்லை.

ஆசையாய் மனைவியின் பெயரையே படகுக்கும் வைத்தார். அதில் மனைவிக்குத்தான் வருத்தம்.

“எம்பேர எடுத்துடுய்யா. ‘அம்சவள்ளி ஒழுகுது’ங்கிறானுங்க. ‘அம்சவள்ளி ஒரு பக்கமா சாஞ்சிட்டா’ங்கிறானுங்க. நான் கடைக்குப் போக முடியல.”

இன்றைக்கு அந்தப் பேச்சுக்கெல்லாம் முற்றுப்புள்ளி வைத்துவிடலாம் என்று அப்பளசாமி நம்பினார். கலாவதிக்கு இது நல்ல இடம் என்று குடும்பமே சொன்னது. இடம் தவறினால் பழி படகின் மேல் விழும். படகின் மேல் விழுந்தால் அவர் தலையில் விழுந்தது போலத்தான்.

ஆகவே, தண்ணீர் நிரம்புவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று முடிவு செய்து, என்ஜினை முடுக்கினார். என்ஜின் குலுங்கியது. அது குலுங்கியதில் பலகை குலுங்கியது. பலகை குலுங்கியதில் இடுக்கிலிருந்த பஞ்சு ஒவ்வொன்றாக வெளியே வந்து மிதந்தது.

“இது என்னாங்க வெள்ளையா?” என்றார் இராமையா.

“இலவம் பஞ்சுங்க. காத்துல வந்து விழுது.”

புஷ்பவள்ளி அம்மாள் காலைத் தூக்கிப் பலகைமேல் வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். “பொண்ணு கோலசிலாங்கூர் கிளினிக்குல வேலை பாக்குதாமே? கல்யாணத்துக்கு அப்புறம் அதெல்லாம் சரிப்படாது. வீட்டுல எனக்கு ஒத்தாசைக்கு ஆள் வேணும்.”

“அதுக்கென்னங்க, நாளைக்கே விட்டுடச் சொல்லிடறேன்” என்றார் அப்பளசாமி. அந்த நேரத்தில் தோட்டத்தையே எழுதிக் கேட்டிருந்தாலும் சரியென்றுதான் சொல்லியிருப்பார்.

“எங்க ரவாங்குல இவ்ளோ கொசு இல்ல” என்றான் அழகேசன். ஏறியதிலிருந்து அவன் பேசிய முதல் பேச்சு அது.

அப்போதுதான் பாலம் வந்தது.

விவசாயிகள் நடந்துபோவதற்காகப் போட்ட தாழ்வான மரப்பாலம். இத்தனை நாளும் அப்பளசாமி அதன் கீழே ஒரு சிக்கலும் இல்லாமல் போய்வந்தவர்தான். ஆனால் புஷ்பவள்ளி அம்மாளின் கொண்டை இடிக்கக்கூடாதே என்று போன வாரம் தகரக் கூரையை உயர்த்தி, அதன்மேல் அலங்காரத்துக்கு ஒரு வாழைக்கன்றையும் கட்டியிருந்தார். கூரை பாலத்தில் ‘டங்’கென்று மோதி நின்றது.

“எறங்கி நடந்துடலாங்க” என்றார் இராமையா.

“ஐயையோ, எறங்காதீங்க! நீங்க எறங்குனா பாரம் கொறஞ்சு படகு இன்னும் மேல ஏறிக்கும்!”

“அப்ப என்னா செய்யிறது?”

அப்பளசாமி யோசித்தார். நாலு விரல் அளவு படகு தாழ்ந்தால் போதும். தாழ்வதற்குப் பாரம் வேண்டும். கால்வாயில் இல்லாத பாரமா? படகைக் கரையேற்றும்போது உள்ளே நிற்கும் தண்ணீரை வடிப்பதற்காக அடிப்பலகையில் ஒரு ஓட்டை போட்டு, தக்கை வைத்து அடைத்திருந்தார். இப்போது அந்தத் தக்கையைப் பிடுங்கிக் கூரைமேல் வைத்தார். தண்ணீர் ஊற்றுப்போல் பொங்கியது.

“யோவ்!” என்று இராமையா அலறினார்.

“பயப்படாதீங்க சம்பந்தி. இது கணக்கு!”

கணக்கு சரியாகவே இருந்தது. படகு அங்குலம் அங்குலமாகத் தாழ்ந்தது. அப்பளசாமி கம்பை ஊன்றித் தள்ளினார். கூரை உரசிக்கொண்டே பாலத்தைத் தாண்டியது. அவர் பெருமையோடு நெஞ்சை நிமிர்த்தி, தக்கையை எடுக்கக் கூரைமேல் கையை நீட்டினார். கூரைமேல் எதுவுமே இல்லை. வாழைக்கன்றும் தக்கையும் பாலத்தில் இடித்து விழுந்து, பின்னால் ஜோடியாக மிதந்து போய்க்கொண்டிருந்தன.

இதற்குமேல் மரியாதை பார்த்தால் மானம் போய்விடும். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த தட்டில் கையை விட்டார். முதலில் ஒரு வாழைப்பழத்தைத் திணித்தார். அது நசுங்கிப் போனது. வெற்றிலையைச் சுருட்டித் திணித்தார். தண்ணீர் அதைத் துப்பியது. தேங்காய் உள்ளேயே போகவில்லை.

“தட்டை எல்லாம் பாழாக்கிட்டீங்களே!” என்று புஷ்பவள்ளி அம்மாள் கத்தினார்.

அப்பளசாமியின் பார்வை மாப்பிள்ளையின் கூர்மூக்குச் சப்பாத்தில் விழுந்தது. பிறகு ஓட்டையில் விழுந்தது. மறுபடியும் சப்பாத்துக்கு வந்தது.

“தம்பி, அந்தக் காலைக் கொஞ்சம் இப்பிடி வைங்க.”

“இது புதுசு!”

“அதனாலதான் கேக்குறேன். பழசுல தண்ணி எறங்கும்.”

இராமையாவுக்கு உயிர் முக்கியமாகப் பட்டது. “வைடா!” என்று மகனை அதட்டினார். அழகேசன் காலை வைத்தான். அளவெடுத்துச் செய்தது போல் சப்பாத்து உள்ளே போய் இறுகியது. தண்ணீர் நின்றது.

“மாப்பிள்ளைன்னா இவருதாங்க!” அப்பளசாமி உருகிப்போனார். “மொத நாளே குடும்பத்தைத் தாங்குறாரு பாருங்க!”

படகு தவழ்ந்தது. உள்ளே முழங்காலளவு தண்ணீரில் எஞ்சிய வாழைப்பழங்கள் மிதந்தன. ஆனாலும் தோட்டத்துப் படித்துறை கண்ணில் பட்டதும் அப்பளசாமிக்கு மனம் குளிர்ந்தது. அங்கே நல்லசாமி வேட்டி சட்டையில் நின்றார். அம்சவள்ளி ஆரத்தித் தட்டோடு நின்றாள். பின்னால் கலாவதி நீலச் சேலையில் நின்றாள். லயத்து ஜனங்கள் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக் கார் எப்போதோ வந்து நிழலில் நின்றிருந்தது.

“வந்துட்டோம்!” அப்பளசாமி தலைப்பாகையை அவிழ்த்து வீசினார். “மச்சான், பாத்தீங்களா? வந்துட்டோம்!”

“வாங்க, வாங்க!” என்று நல்லசாமி கைகூப்பினார்.

புஷ்பவள்ளி அம்மாள் பட்ட பாட்டிலும் பண்பாட்டை மறக்காதவர். “தம்பி, பெரியவங்க நிக்கிறாங்க. எந்திரிச்சுக் கும்பிடு” என்றார்.

“மாப்பிள்ளை, எந்திரிக்காதீங்க!” என்று அப்பளசாமி பாய்வதற்குள், தாய் சொல்லைத் தட்டாத அந்தப் பிள்ளை எழுந்துவிட்டான். சப்பாத்து சும்மா வரவில்லை. ஓட்டையைச் சுற்றியிருந்த பலகையையும் பெயர்த்துக்கொண்டு வந்தது.

படகு கவிழவில்லை. அவசரப்படவும் இல்லை. எல்லாரும் உட்கார்ந்தது உட்கார்ந்தபடி இருக்க, நேராக, நிதானமாகக் கீழே போனது.

“அம்சவள்ளி முங்குறா! அம்சவள்ளி முங்குறா!” என்று கரையில் கூச்சல் எழுந்தது.

“நான் இங்கதான்டா நிக்கிறேன்!” என்று ஆரத்தித் தட்டோடு அம்சவள்ளி கத்தினாள்.

கால்வாயில் ஆழம் இடுப்பளவுதான். ஆனால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது கழுத்தளவு. மாப்பிள்ளையின் கறுப்புக் கண்ணாடி மட்டும் மூக்கில் அசையாமல் இருந்தது. வலது காலில் சப்பாத்து, சப்பாத்தைச் சுற்றி ஒரு பலகை என்று அவனை நாலு பேர் சேர்ந்து கரையேற்றினார்கள். நல்லசாமி துண்டோடு ஓடினார்.

“மொதல்ல வீட்டுக்கு வாங்க, தலைய தொவட்டிட்டு ஒரு வாய் காப்பி...”

“ஒன்னும் வேணாம்!” புஷ்பவள்ளி அம்மாள் கொண்டையிலிருந்து பாசியைப் பிடுங்கி எறிந்தார். “எம்புள்ளைக்கு வேற எடம் பாத்துக்குறோம். தரையில இருக்குற எடமா!”

கார் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. கார் போய்விட்டது.

நல்லசாமி திரும்பினார். “பொணப்பெட்டின்னு சொன்னேன். தப்பு மாப்ள. பொணப்பெட்டிகூடத் தண்ணி உள்ள வராம இருக்கும்!” என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். கூட்டமும் கலைந்தது. அம்சவள்ளி ஏதோ திட்ட வாயெடுத்து, புருஷன் முகத்தைப் பார்த்து, திட்டாமலே போய்விட்டாள். அதுதான் அவரை ரொம்ப உறுத்தியது.

அப்பளசாமி படித்துறையில் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தார். தண்ணீருக்கு மேலே தகரக் கூரை மட்டும் தெரிந்தது. படகு போனதுகூட அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அது முங்கியபோது கலாவதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க நின்றதை அவர் பார்த்துவிட்டார். தன் கிறுக்கால் ஒரு பெண்ணின் வாழ்க்கை பாழாகிவிட்டதே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. கலாவதிதான். கையில் துண்டும் காப்பியும். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“என்னைய மன்னிச்சுரும்மா” என்றார் அவர், நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லாமல். “நல்ல எடத்தைக் கெடுத்துப்புட்டேன். நாளைக்கே அந்தச் சனியனை வெளிய இழுத்து, வெட்டி அடுப்புல வச்சிடறேன்.”

கலாவதி பதறிப்போனாள். அப்பா தூரத்தில் போய்விட்டாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

“ஐயோ, வெட்டிடாதீங்க மாமா! அவங்கள உங்க படகுலதான் கூட்டியாரணும்னு அப்பாகிட்ட ஒத்தக்கால்ல நின்னதே நான்தான். அடுத்த மாசம் சுங்கை பஞ்சாங்லேருந்து இன்னொரு மாப்பிள்ளை வர்றாராம்!”