கிருஷ்ணப்பனின் நாலாவது பாஷை

கிருஷ்ணப்பன் முடிவே கட்டிவிட்டான். இனிமேல் இந்த வீட்டில் ரகசியம் என்று ஒன்று இருந்தால், அது இங்கிலீஷில்தான் இருக்கும்!

வேறு வழி? மூன்று பாஷை புழங்குகிற எல்லை ஊரான குருபரப்பள்ளியில் குடியிருந்துகொண்டு பெண்டாட்டிக்குத் தெரியாமல் நாலு வார்த்தை பேசிவிட முடியுமா? தமிழ் வேலைக்காகாது. கன்னடம் பேசலாமென்றால் கெம்பம்மா பிறந்ததே கன்னடத்தில். தெலுங்குக்குத் தாவிப் பார்த்தான். அந்த மகராசி கிணற்றடியில் குடம் நிரம்புகிற நேரத்தில் அதையும் காதால் கேட்டே கற்றுக்கொண்டு வந்து நின்றாள்.

அப்படி என்ன ரகசியம்? சைக்கிள்! கிருஷ்ணகிரியில் புளி மண்டிக் குமாஸ்தா அவன். பஸ் வந்தால் வரும், வராவிட்டால் வராது. வந்தாலும் படியில்தான் இடம். தாமதமாகப் போய் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதே பிழைப்பாகிவிட்டது. சைக்கிள் வாங்கச் செவலைப் பசுவை விற்க வேண்டும். செவலையோ கெம்பம்மாவின் தாய்வீட்டுச் சீர். செத்துப்போன மாமனார் ராமப்பன் மாட்டுத் தரகர். மகளுக்கென்று பார்த்துப் பார்த்துப் பிடித்த மாடு. அதை விற்கப்போகிறேன் என்று வாயைத் திறந்தால் அன்றைக்கு அடுப்பு எரியாது.

ஆகவே இங்கிலீஷ். குரு, அடுத்த வீட்டு நாராயணப்பன். பெங்களூர் தண்டு முகாமில் பட்டாளத்துச் சமையல்காரராக இருந்துவிட்டு வந்தவர்.

"இங்கிலீஷுக்கு உசுரு எங்க இருக்கு தெரியுமா கிருஷ்ணப்பா? பெரிய வார்த்தையில இல்ல. அப்பு, டவுனு, ஆஃபு, அவுட்டு, இந்தப் பொடிசுங்ககிட்ட இருக்கு. 'கிவ்'னா குடுக்கறது. பின்னாடி ஒரு 'அப்' ஒட்டிட்டா, விட்டுத் தொலைக்கறது!"

"குடுக்கறதுக்கும் தொலைக்கறதுக்கும் என்னண்ணா சம்பந்தம்?"

"அதை வெள்ளைக்காரன்கிட்டத்தான் கேக்கணும். அவன் கப்பலேறிட்டான்."

"இதெல்லாம் எப்படிண்ணா மண்டையில நிக்கும்?"

"வீட்டுல பொழங்கு. எடுக்கறப்ப, வெக்கறப்ப, உக்கார்றப்ப. ஒரு வேலைக்கு ஒரு வார்த்தை!"

பொழங்கினான் ஐயா, பொழங்கினான்! மறுநாள் காலையே ஆரம்பம்.

"கெம்பு, கெட் அப்!"

"நான் எழுந்து, மாட்டுக்குத் தண்ணி காட்டி, சாணி அள்ளியாச்சு. யாரை எழுப்பறீங்க?"

சாப்பிட்டான். "டேக் அவே த ப்ளேட்!"

"என்னங்க?"

"தட்டை அப்பால எடுத்துட்டுப் போ."

"அவேன்னா அப்பாலயா?"

"ஆமா. 'ரன் அவே'ன்னா ஓடிப்போறது. 'கிவ் அவே'ன்னா நம்ம கையை விட்டே போற மாதிரி குடுத்துடறது."

"ஓஹோ."

செருப்பை மாட்டும்போது, "செட் அவுட்!" என்று தெருவே கேட்கக் கத்துவான். கிளம்புகிறானாம். சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போது "கம் பேக்!" திரும்பி வந்துவிட்டானாம்.

"ஏங்க, செவலையைக் காளைக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு தொண்டை வத்தக் கத்தறேனே."

"புட் ஆஃப்!"

"அப்படின்னா?"

"அப்புறம் பாத்துக்கலாம்னு தள்ளிப் போடறது."

"அடேயப்பா, இதுக்கு இங்கிலீஷ்ல பேரே வெச்சிருக்கானா! உங்களுக்கு மட்டும் வந்த சீக்குன்னு இல்ல நெனச்சேன்!"

அவன் காரியத்தைப் பாருங்கள். மூன்று பாஷையைக் காதாலேயே பிடித்தவள் எதிரில் நின்றுகொண்டு நாலாவதைச் செய்கையோடு ஓதுகிறான்! கேட்டால், இங்கிலீஷ் புஸ்தகத்தில் இருக்கிறதாம், கெம்பம்மாவுக்கு எழுத்து தெரியாதாம், பயமே இல்லையாம். எல்லை ஊரில் இருந்துகொண்டு இப்படி ஒரு நம்பிக்கை!

சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் சதியாலோசனை. பக்கத்திலேயே கெம்பம்மா புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். கிருஷ்ணப்பனுக்குக் குதூகலம் தாங்கவில்லை. பெண்டாட்டி காதுக்குப் பக்கத்திலேயே ரகசியம் பேசுவதில் உள்ள சுகம் இருக்கிறதே!

"அண்ணா, டுமாரோ சந்தை! செட் அவுட்!"

"வித் செவலை?"

"வித் செவலை! கிவ் அவே செவலை! பிக் அப் சைக்கிள்! கம் பேக்!"

"இஃப் ஷீ ஃபைண்ட் அவுட்?"

"நோ ஃபைண்ட் அவுட்! நெவர்!"

"என்ன ரெண்டு பேரும் இந்தச் சிரிப்புச் சிரிக்கிறீங்க?" என்றாள் கெம்பம்மா.

"நாளைக்குச் செவலையைக் காளைக்குக் கூட்டிட்டுப் போறேன் கெம்பு. அதைத்தான் பேசறோம்."

"அட, இப்பத்தான் மனசு வந்துச்சா!" கெம்பம்மா முகமெல்லாம் மலர்ந்தது. கைப் புளியை உதறிவிட்டு எழுந்தாள். "எதிர்வீட்டு மாரம்மாகிட்ட கொஞ்சம் உப்பு வாங்கிட்டு வந்துடறேன்."

விடிந்ததும் செவலைக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து அவளே கயிற்றைக் கையில் கொடுத்தாள். கிருஷ்ணப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் சைக்கிள் மணிச் சத்தம் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்ததால் நாராயணப்பனோடு நடந்தான்.

சந்தையில் மாட்டு விலையை வாயால் பேசமாட்டார்கள். தரகர் கைமேல் துண்டைப் போட்டு, அதற்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேரம். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. முனிவேல் தரகர் வந்தார். செவலையின் பல்லைப் பார்த்தார், முதுகைத் தட்டினார், துண்டைப் போட்டார். துண்டுக்கடியில் அவர் ஒரு விரலையும் பிடிக்கவில்லை. கையை ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு, "சௌக்கியமா மாப்ளே?" என்று போய்விட்டார்.

அடுத்த தரகர். துண்டு, குலுக்கல், "சௌக்கியமா மாப்ளே?" அதற்கடுத்தவரும் அதே. வெயில் உச்சிக்கு வந்தது. சந்தை முழுக்க சௌக்கியம் விசாரித்தாயிற்று, விலை சொன்னவன் ஒருத்தனில்லை.

"யோவ், ஏன்யா யாரும் விலை கேக்கமாட்டேங்கறீங்க?" என்று வெடித்துவிட்டான்.

முனிவேல் சிரித்தார். "எங்க ராமப்பன் பொண்ணுக்குக் குடுத்த சீரு மாப்ளே இது. தரகன் வீட்டுச் சீர் மாட்டுக்கு அந்தப் பொண்ணே வந்து கை நீட்டினாத்தான் விரல் பிடிப்போம். அது எங்களுக்குள்ள கட்டுப்பாடு. நேத்தே கெம்பம்மா, எங்களோட தரகு பாக்கற மாரம்மா புருஷன்கிட்ட சொல்லி அனுப்பிச்சிருச்சு. 'செவலையோட வருவாரு, வாங்காதீங்க. ஆனா சும்மாவும் திருப்பி அனுப்பிடாதீங்க'ன்னு. வாங்க, வேலமரத்துப் பக்கம் காளை நிக்குது!"

கிருஷ்ணப்பன் திரும்பிப் பார்த்தான். நாராயணப்பனைக் காணோம்.

செவலையும் அவனுமாக வீடு வந்து சேர்ந்தபோது, கெம்பம்மா வெந்நீரோடு நின்றாள்.

"உனக்கு எப்படிடி தெரிஞ்சுது?"

"நல்லாக் கேட்டீங்க! தட்டை எடுக்கறப்ப ஒண்ணு, செருப்பு மாட்டறப்ப ஒண்ணுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? இதுல சைக்கிளுக்கு எல்லா பாஷையிலயும் சைக்கிள்தான்!"

கிருஷ்ணப்பன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "அப்ப எனக்கு சைக்கிளே கிடையாதா கெம்பு?"

கெம்பம்மாவுக்கு மனசு இளகிவிட்டது. "யாரு சொன்னா? எங்கிட்ட நேராக் கேட்டிருந்தா வழி சொல்லியிருப்பேனே. கன்னு பொறக்கட்டும்."

சொன்ன சொல் தவறவில்லை. செவலை ஈன்றது, பால் பெருகியது, பால் காசில் பளபளவென்று சைக்கிளும் வந்தது! தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. கிருஷ்ணப்பன் மணியை அடித்துப் பார்த்து, இன்னொரு தடவையும் அடித்து, பெடலில் காலை வைத்தான்.

"இருங்க இருங்க," என்று ஓடிவந்த கெம்பம்மா, இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகப் பால் கேனை மாட்டினாள். "வழியில இருபது வீட்டுக்கு ஊத்திட்டு, அப்படியே மண்டிக்குப் போயிடுங்க."

பஸ்ஸுக்கு ஓடின காலத்தில் விடிந்த பிறகுதான் எழுந்திருப்பான் கிருஷ்ணப்பன். சைக்கிள் வந்ததிலிருந்து, ஊர்ச் சேவலை அவன்தான் எழுப்புகிறான்.