பதிமூன்றாம் படிப் பங்கஜமும் எங்கள் பேருந்து நிறுத்தமும்

‘நடுக்கம்’ மாத நாவல் ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் வழியில், ஏரிக்கரைக் காலனியிலிருந்து பீ. ஷாரோன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலம். அம்மாவின் வலது முட்டி மட்டும் நலமில்லை. அதற்குத் தாங்களே காரணம் என்பதைக் கீழே விளக்கியிருக்கிறேன். தாங்களும், தங்கள் எழுத்தாளரும், தங்கள் இதழில் இதுவரை கொலையுண்டவர்களின் குடும்பத்தாரும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

நான் பி.எஸ்ஸி. கணிதம். படித்த கணிதத்துக்கு வேலை கிடைக்காததால் நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக இருக்கிறேன். ஏரியில் மண் வெட்டும் முப்பத்தெட்டு பெண்களைக் காலையில் ஒரு முறையும் மதியம் ஒரு முறையும் போனில் படம் பிடித்து மேலே அனுப்புவதுதான் பொறுப்பு. வேலை சீக்கிரம் முடிந்தாலும் இரண்டாவது படம் எடுக்கும் வரை யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது, போனால் அன்றைய கூலி போச்சு. மேலே இருப்பவர்களுக்கு எங்கள் முகத்தின் மேல் அவ்வளவு ஆசை, எங்கள் பேச்சின் மேல்தான் நம்பிக்கையில்லை. அந்தக் காத்திருப்பில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தங்கள் நாவலைச் சத்தமாக வாசிப்பேன். ஆக, ஒரே பிரதியை விற்று முப்பத்தெட்டு வாசகிகளைப் பிடித்திருக்கிறீர்கள். பாதிப் பேருக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது, ஆனால் அபிப்பிராயம் இல்லாதவர் ஒருவரும் இல்லை.

போன மாதம் ‘பதிமூன்றாம் படியில் பங்கஜம்’ வந்தது. மலை மேல் ஜமீன் பங்களா, அங்கே பாத்திரம் தேய்க்கும் பங்கஜத்தை ஜமீன்தார் மகன் மாடிப்படியில் தள்ளிக் கொல்கிறான், அவள் பேயாகி அதே படியில் நின்று பழி வாங்குகிறாள். பேய் வந்து நான்கு பக்கம் கூடத் தாண்டவில்லை, சொக்கம்மாள் அக்கா கையைத் தூக்கிவிட்டார். மண்வெட்டியைக் காட்டிலும் நாக்கு கூர்மையானவர்.

“ஏம்மே ஷாரோனு, அவளுக்குக் கால் இல்லன்றான். அப்புறம் கொலுசை எதுல மாட்டிக்கினு கீறா?”

“அது தெரியலக்கா. சத்தம் மட்டும்தான் கேக்குது.”

“சொவத்துக்குள்ள பூந்து வர்றவ எதுக்குக் கதவத் தட்டறா? மரியாதையா? இன்னொண்ணு கேளு. அவ உசிரோட இருந்தப்ப ஒரு நாளாவது அந்தப் பையனை எதிர்த்துப் பேசினாளா?”

“இல்லக்கா. தலையைக் குனிஞ்சிக்கினு அழுதான்னு போட்டுருக்கு.”

“அதான பார்த்தேன். செத்தாத்தான் இவளுங்களுக்கு வாய் தொறக்குது. எழுதறவன நம்ம ஏரிக்கு வரச் சொல்லு, நாலு நாள் மண்ணு வெட்டட்டும். உசிரோடவே எப்படிப் பேசறதுன்னு நான் காட்டறேன்.”

ஐயா, இதைவிட நல்ல விமர்சனம் தங்களுக்கு வரப்போவதில்லை. எனக்கும் அதே கோபம்தான். தங்கள் நாவலிலும் சரி, போனில் நாங்கள் பார்க்கும் பேய்ப் படங்களிலும் சரி, கூலிக்காரப் பெண் என்றால் இடைவேளைக்குள் செத்தாக வேண்டும், நியாயம் வேண்டுமென்றால் தலையை விரித்துப் போட்டாக வேண்டும். உயிரோடிருந்து மனு எழுதி ஜெயித்த ஒருத்தியைப் பற்றி ஒரு நாவல் போட்டால் அட்டையில் ரத்தம் வராது என்று பயமா?

சரி, நடந்ததற்கு வருகிறேன். பங்களா, வராந்தா, தொங்குவிளக்கு என்று வாசிக்க வாசிக்க எல்லோரும் கொட்டாவி விட்டார்கள். “இதெல்லாம் நாம எங்க பார்த்தோம்? நம்ம பக்கமா வெச்சிப் படி” என்றார் சொக்கம்மாள் அக்கா. கூத்தில் கட்டியங்காரன் மகாபாரதத்துக்கு நடுவே நம் ஊர் டீக்கடையை இழுத்துவிடுவானே, அதுபோல நானும் பங்களாவை ஏரி மதகாக்கினேன், மாடிப்படியை மதகுப் படிக்கட்டாக்கினேன். மதகு இருப்பது எங்கள் காலனி பஸ் நிறுத்தத்துக்கு நேர் எதிரே. எண்ணினால் பதினோரு படிதான். “மீதி ரெண்டு தண்ணிக்குள்ள கீது” என்று சொக்கம்மாள் அக்கா தீர்த்துவைத்தார். அன்றைக்கு ஒருவரும் கொட்டாவி விடவில்லை, இரண்டாவது போட்டோவில் முப்பத்தெட்டு பேரும் கண்ணை அகல விரித்துக்கொண்டு நிற்கிறார்கள், மேலே இருந்து போன் போட்டு என்ன ஆச்சு என்று கேட்டார்கள்.

தப்பு அதற்கப்புறம்தான். வேப்பமரத்தடியிலிருந்து கதை டீக்கடைக்குப் போனபோது அது புத்தகம் என்கிற சங்கதி வழியிலேயே விழுந்துவிட்டது. மூன்றாம் நாள் ஊர்த் தெருவில் பங்கஜத்தின் வயது, புடவை நிறம் எல்லாம் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஒருத்தர் அவள் கல்யாணத்துக்கே போய்ச் சாப்பிட்டிருக்கிறார். நாலாம் நாள், சாயங்காலம் ஆறே முக்காலுக்கு வரும் டவுன் பஸ் எங்கள் நிறுத்தத்தில் நிற்காமல் போய்விட்டது. மறுநாள் நானும் சொக்கம்மாள் அக்காவும் அதே பஸ்ஸில் வரும்போது ஓட்டுநர் வேதகிரி அண்ணனிடம் கேட்டேன்.

“பொழுது சாஞ்சா அங்க நிறுத்த மாட்டேம்மா. அந்தப் பொண்ணு ஏறிக்கும்.”

“அண்ணா, அது புக்குல வர்ற பொண்ணு. நான்தான் படிச்சேன்.”

“படத்துல பாரு, மொத அரை மணி நேரத்துல எவன் பேயே இல்லன்றானோ அவன்தான் மொத காலி. நீ ஜாக்கிரதையா இரு.”

பின் சீட்டிலிருந்து சொக்கம்மாள் அக்கா விடவில்லை. “ஏறினா ஏறட்டுமே. பொம்பளைங்களுக்குத்தான் ஃப்ரீயாச்சே, உனுக்கு இன்னா நஷ்டம்?”

பஸ் முழுக்கச் சிரித்தது, ஆனால் நிற்கவில்லை. எங்கள் அம்மா செவ்வந்தி உத்திரமேரூரில் ஒரு லாட்ஜில் ரூம் கூட்டித் துடைத்துவிட்டு அந்த பஸ்ஸில்தான் வருகிறார். இப்போது ஊர் நிறுத்தத்தில் இறங்கி ஒரு கிலோமீட்டர் திரும்ப நடக்கிறார். போன செவ்வாய் வாய்க்கால் ஓரம் சறுக்கி விழுந்து முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. இப்படியே போனால் வேலையை விட்டுத்தான் ஆகணும் என்கிறார். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பங்கஜம் வருவதற்கு முன்னாலும் அந்த பஸ் பாதி நாள் எங்களுக்கு நின்றதில்லை. நாற்பது பேர் கையை நீட்டிக்கொண்டு நின்றபோது தெரியாத கண்ணுக்கு, இல்லாத ஒருத்தி நிற்பது மட்டும் எப்படி ஐயா தெரிகிறது?

பஸ் ஆபீசில் மனு கொடுத்தேன். அங்கிருந்தவர் பேய் இல்லை என்று வி.ஏ.ஓ.விடம் எழுதி வாங்கி வரச் சொன்னார். வி.ஏ.ஓ., “செத்ததுக்கு சர்டிபிகேட் தரலாம்மா, உயிரோட இருக்கறதுக்கும் தரலாம். பொறக்காதவளுக்கு எந்த ரெஜிஸ்டர்ல போய்த் தேடறது?” என்றார். ஐயா, எனக்கு பேஜாராகிவிட்டது, அப்படியே வெயிலில் உட்கார்ந்துட்டேன், பங்கஜத்துக்கு இருக்கற மரியாதை எனக்கு இல்லியேன்னு அழுகையே வந்துடுச்சு.

ஆகவே தங்களிடம் வேண்டுவது ஒன்றுதான். அடுத்த இதழிலேயே பங்கஜத்துக்கு முக்தி கொடுங்கள். கடைசிப் பக்கத்தில் அவள் ஜோதியாகி வானத்துக்குப் போய்விட வேண்டும், திரும்பி வர வழி வைக்கக் கூடாது. கூடவே ‘பங்கஜம் முழுக்கக் கற்பனை, அவர் எந்த பஸ்ஸிலும் ஏற மாட்டார்’ என்று தங்கள் முத்திரையோடு ஒரு கடிதம் அனுப்புங்கள், பஸ் கண்ணாடியில் ஒட்டிவிடுகிறேன். நான் சொன்னால் நம்பாதவர்கள் அச்சில் வந்தால் நம்புவார்கள்.

கர்த்தர் தங்களையும் தங்கள் அச்சகத்தையும் ஆசீர்வதிப்பாராக. எழுத்தாளருக்கு எங்கள் முப்பத்தெட்டு பேரின் அன்பும் கண்டனமும். கொலுசு விஷயத்துக்கு அவர் தனியாகப் பதில் எழுதினால் சொக்கம்மாள் அக்கா சந்தோஷப்படுவார்.

இப்படிக்கு,
பீ. ஷாரோன்

பி.கு.: தபால் தலை வாங்காமல் இந்தக் கடிதம் மூன்று நாள் என் பையிலேயே கிடந்தது. அதற்குள் சொக்கம்மாள் அக்கா டீக்கடையில் உட்கார்ந்து கதையைத் திருத்திவிட்டார். பங்கஜத்தை யாரும் தள்ளவில்லையாம். காய்ச்சலோடு அந்த நிறுத்தத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றாளாம், பஸ் நிறுத்தாமல் போயிடுச்சாம், படியிலேயே சாய்ஞ்சி செத்தாளாம். அதனால் நிறுத்தாத பஸ்ஸாகப் பார்த்துத்தான் ஏறுவாளாம், அதுவும் டிரைவர் சீட்டுக்குப் பின்னாலதானாம். நேற்று பஸ் நின்றது. அம்மா லீவு, இறங்க ஒருத்தரும் இல்லை. வேதகிரி அண்ணன் மதகைப் பார்க்காமல் முழுசாக ஒரு நிமிஷம் நிறுத்திவைத்துவிட்டு அப்புறம்தான் எடுத்தார். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடவும். முக்தி வேண்டாம், முத்திரைக் கடிதமும் வேண்டாம். அந்த பஸ் எங்களுக்காக நிற்கிற நாள் வரைக்கும் அவள் இங்கேயே இருக்கட்டும், அவள் பேரைச் சொல்லி நாங்கள் இறங்கிக்கொள்கிறோம்.